முப்பத்தோராவது நிமிடம்

இடது கன்னத்தை முடித்து, கத்தியை ஈரத் துணியில் துடைத்துக்கொண்டு, கட்டிலைச் சுற்றி வலது பக்கம் வந்த பிறகுதான் சலூன்காரர் கால்பந்து கிளப் முதலாளிகளின் பேச்சை எடுத்தார்.

"நீ ஆயிரம் சொல்லு. அந்த டைல்ஸ்காரங்க மட்டும் வரலேன்னா இந்நேரம் நம்ம மைதானத்துல லாரி நிறுத்தி வச்சிருப்பானுங்க."

கட்டிலில் கிடந்தவர் ஆயிரம் சொல்லவில்லை. ஒன்றுகூடச் சொல்லவில்லை. ஒன்பது நாட்களாக அவருக்குப் பேச்சு இல்லை. இடது பக்கம் முழுவதும் போய்விட்டது. வலது கையில் ஆள்காட்டி விரல் மட்டும் சொன்னபடி கேட்டது. முப்பத்தைந்து வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து, சலூன்காரருக்கு 'லிஃப்டு' ஆகிப்போனவரின் மூச்சு, பழைய லிஃப்ட் ஒன்று இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்று, யோசித்து, மறுபடி ஏறுவதுபோல வந்துகொண்டிருந்தது.

மகள் தண்ணீர்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு கட்டில் ஓரமாக நின்றாள். காலையில் வந்த நர்ஸ் அவளை நடைக்கு அழைத்துப்போய்ச் சொன்னது இன்னும் காதுக்குள் இருந்தது. இன்று, மிஞ்சினால் நாளைக் காலை. வீட்டை விட்டு எங்கேயும் போய்விடாதீர்கள். போகும்போது வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னாள்: காது மட்டும் கடைசி வரைக்கும் கேட்கும், அதனால் பார்த்துப் பேசுங்கள்.

சலூன்காரருக்கு இது தெரியாது. தெரிந்திருந்தாலும் அவர் பார்த்துப் பேசுகிற ஆள் அல்ல. சனிக்கிழமைதோறும் மதியம், ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால், அவருடைய கடை நாற்காலியில் உட்கார்ந்துதான் அப்பா சவரம் செய்துகொள்வார். டைல்ஸ் கம்பெனி நடத்தும் அண்ணன் தம்பி இருவரும் கிளப்பை வாங்கிய நாளிலிருந்து எட்டு வருடம், அந்த நாற்காலியில் வேறு பேச்சு நடந்ததே இல்லை. தொண்டையில் கத்தி இருக்கும்போதே அப்பா வாதாடுவார். கத்தியை வைத்துக்கொண்டே சலூன்காரர் பதில் சொல்வார். அடுத்து உட்காரக் காத்திருப்பவர்கள் பெஞ்சில் பயந்துகொண்டு இருப்பார்கள்.

இருவருக்குள்ளும் ஒரு விதி இருந்தது. எதிராளி சொன்னது சரி என்று பட்டால், வாயால் ஒப்புக்கொள்ள வேண்டாம். ஒரு விரலைத் தூக்கினால் போதும். ஆனால் தானாகத் தூக்க வேண்டும். கேட்டு வாங்கக்கூடாது. எட்டு வருடத்தில் இரண்டு பேரும் சேர்ந்து எத்தனை முறை தூக்கியிருப்பார்கள் என்று கேட்டால் பெஞ்சில் இருப்பவர்கள் சிரிப்பார்கள்.

"ஆறு கோச்சை மாத்திட்டாங்கன்னு சொல்லுவ. சரி. சட்டைக் கலரை மாத்திட்டாங்க. அதுவும் சரி, பாத்ரூம் டைல்ஸ் மாதிரிதான் இருக்கு, நான் இல்லேன்னு சொல்லலை. அந்த லெஃப்ட் விங் பையனை வித்தாங்க. நம்ம தெருவுல வளர்ந்தவன். எனக்கும் வயிறு எரிஞ்சது." சலூன்காரர் மூக்கின் கீழே இரண்டு விரலால் தோலை இழுத்துப் பிடித்தார். "ஆனா லிஃப்டு, ஒண்ணு சொல்லு. மழை பேஞ்சா வடக்கு கேலரில குடை பிடிச்சுக்கிட்டு ஆட்டம் பார்த்தமா இல்லையா? முன்னாடி இருக்கிறவன் குடைக்கம்பிதான் தெரியும். பெனால்ட்டி அடிச்சானா, யாருக்கு அடிச்சான், ஒண்ணும் தெரியாது. அந்தக் கூரையைப் போட்டது யாரு?"

இதே கூரையை அவர் நூறு முறையாவது கொண்டுவந்திருப்பார். அதற்கு அப்பா வைத்திருக்கும் பதிலும் மகளுக்கு மனப்பாடம்: கூரை போட்டவன் சுவரில் இருந்த கல்லை ஏன் எடுத்தான்?

வடக்கு கேலரியைக் கட்டியது எந்த முதலாளியும் அல்ல. பஞ்சாலையில் வேலை செய்த முப்பத்தோரு பேர், விடுமுறை நாட்களில் மண் சுமந்து, கல் அடுக்கி, இரண்டு வருடத்தில் கட்டினார்கள். அவர்கள் பெயரைச் செதுக்கிய கருங்கல் ஒன்று கேட்டுக்கு மேலே சுவரில் பதித்திருந்தது. பத்தொன்பதாவது பெயர் அப்பாவின் அப்பா. நான்கு வருடத்துக்கு முன்னால் அந்த இடத்தில் டைல்ஸ் விளம்பரப் பலகை வைக்க வேண்டும் என்று கல்லைப் பெயர்த்து எடுத்தார்கள். எங்கே என்று கேட்டவர்களுக்குப் பதில் இல்லை. எழுதிய கடிதங்களுக்கும் பதில் இல்லை. அன்றிலிருந்து அப்பா மைதானத்துக்குள் கால் வைக்கவில்லை. ஆட்டம் நடக்கும் நாட்களில் இந்த அறையின் சன்னலைத் திறந்துவைத்து நின்று, ஏழு நிமிட நடைத் தூரத்திலிருந்து வரும் இரைச்சலை வைத்தே ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டார். கோல் போட்டால் எப்படி, வாங்கினால் எப்படி, கம்பத்தில் பட்டுத் திரும்பினால் எப்படி என்று அவருக்குத் தெரியும். நான் சொல்கிறவரை யாரும் சன்னலைச் சாத்தக்கூடாது என்பது அவர் உத்தரவு. சாத்துவதும் சுலபமில்லை. மரம் ஊதிப்போன சன்னல் அது. இரண்டு முறை அறைந்தால்தான் மூடும். அறைகிற வேலை அம்மாவுடையது. தெருவே திரும்பிப் பார்க்கும்.

சலூன்காரர் கத்தியை எடுத்துவிட்டுக் காத்திருந்தார். பேச்சு வராது என்று தெரிந்தும், பதிலுக்கு இடம் விட்டுத்தான் அவர் பேசுவார்.

போர்வைமேல் கிடந்த விரல் அசைந்தது. ஒரு முறை துவண்டது. பிறகு மெதுவாக, கையிலிருந்து பிரிந்து, மேலே எழுந்து நின்றது.

சலூன்காரர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வலது கன்னத்தில் பாதி நுரை அப்படியே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "கழுத்தை லேசா தூக்கு" என்று மகளிடம் சொன்னார். மீதி சவரத்தை முடித்தார்.

வெளியே நடையில், கைகழுவும் தொட்டியில் கத்தியைக் கழுவும்போதுதான் சொன்னார். தண்ணீர்ச் சத்தத்துக்குக் கீழே, அவளைப் பார்க்காமல்.

"கூரைக்குத் தூக்கிட்டான், பாப்பா."

அவள் கிண்ணத்து நுரைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினாள்.

"எட்டு வருஷம் தூக்காதவன். இன்னைக்குத் தூக்கிட்டான்."

"நீங்க ஏன் மாமா அவர்கிட்ட இன்னைக்கும் வாதாடறீங்க?"

"நான் விட்டுக்கொடுத்தா அவனுக்குத் தெரிஞ்சுடும்ல." கத்தியை மடக்கிப் பெட்டியில் வைத்தார். மூடி சரியாகப் பொருந்தவில்லை. மறுபடி திறந்து மூடினார். "அவன் முந்திக்கிட்டான்."

ஆட்டத்துக்குப் போகிறாரா என்று கேட்டாள். போகாமல் என்ன என்றார். கேலரியில் அப்பாவின் இருக்கைக்கு அடுத்ததுதான் அவருடையது. நான்கு வருடமாக அப்பாவின் இருக்கையில் அவருடைய சவரப்பெட்டி உட்கார்ந்து ஆட்டம் பார்க்கிறது.

"முப்பத்தோராவது நிமிஷம் எழுந்து வருவீங்களா?"

"நான் எதுக்கு வரணும்? நான் டைல்ஸ்காரன் ஆளு" என்று சொல்லிவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

முப்பத்தோராவது நிமிடம் என்பது அப்பாவின் யோசனை. போன மாதம் ரசிகர் சங்கக் கூட்டத்தில் மூன்று மணி நேரம் சண்டை நடந்தது. முதலாளிகள் நல்லவர்களா, கெட்டவர்களா, கெட்டவர்கள் என்றால் வேறு யார் இருக்கிறார்கள், பழைய நிர்வாகம் மட்டும் என்ன வாழ்ந்தது. பேனர் பிடிக்கலாம் என்றார்கள், கறுப்புச் சட்டை போடலாம் என்றார்கள். கடைசியில் அப்பா எழுந்து, கல்லில் இருந்தது முப்பத்தோரு பெயர், முப்பத்தோராவது நிமிடம் வடக்கு கேலரி மொத்தமும் எழுந்து, சத்தமில்லாமல் வெளியே நடந்துவிட வேண்டும் என்றார். கோஷம் வேண்டாம், மேளம் வேண்டாம், செருப்புச் சத்தத்தைத் தவிர ஒன்றும் வேண்டாம். கத்துவது அவர்களுக்குப் பழகிவிட்டது. சத்தம் இல்லையென்றால்தான் திரும்பிப் பார்ப்பார்கள். பாதிப்பேர் கைதட்டினார்கள். பாதிப்பேர் சும்மா இருந்தார்கள். இரண்டு வாரத்தில் அவர் விழுந்துவிட்டார். அந்த ஆட்டம் இன்றைக்கு.

மகளுக்கு அந்த வடக்கு கேட்தான் வேலை. பதினோரு வருடமாகக் காவலாளிகளின் மேற்பார்வை. அவளை நிரந்தரமாக்கியது டைல்ஸ்காரர்கள். பெண்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை கட்டியதும் அவர்கள்தான். அதற்கு முன்னால் ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வரும்வரை அவள் தண்ணீர் குடிக்க மாட்டாள். அப்பா முதலாளிகளைத் திட்டும்போதெல்லாம் அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். அவரும் அவளை வைத்துக்கொண்டு அதிகம் திட்டமாட்டார். ஒரே வீட்டில் அந்தப் பேச்சு வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்தது, தரையில் தூங்கும் ஆளை மிதிக்காமல் தாண்டிப் போவது மாதிரி.

நான்கு மணிக்கு விசில் கேட்கவில்லை. அது எப்போதும் இவ்வளவு தூரம் வராது. இரைச்சல் மட்டும் சன்னல் வழியாக எழும்பி வந்தது. அம்மா சுவரோரம் முக்காலியில் உட்கார்ந்து, மடித்த துணிகளையே பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். ஆஃப்சைடு என்றால் என்னவென்று நாற்பது வருடத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளாத பெண். "ஆரம்பிச்சிட்டாங்க" என்று மட்டும் கட்டிலைப் பார்த்துச் சொன்னாள்.

அப்பாவின் கண்கள் சன்னல் பக்கம் இருந்தன. சவரம் செய்த முகம் சின்னதாகிவிட்டிருந்தது. காதோரம் ஒட்டியிருந்த நுரையை மகள் துணியால் ஒற்றி எடுத்தாள். அம்மா வெந்நீர் வைக்க எழுந்து போனாள். அறையில் மூச்சும் தூரத்து இரைச்சலும் மட்டும் இருந்தன.

காது மட்டும் கடைசி வரைக்கும்.

அவள் குனிந்தாள். ஆரம்பிக்க முடியவில்லை. நிமிர்ந்தாள். மேசைமேல் இருந்த மாத்திரை அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். தெருவில் ஒரு சைக்கிள் போனது. மறுபடி குனிந்தாள்.

"அப்பா. கல்லு உடையலைப்பா."

மூச்சு நின்றது. ஏறியது.

"ஸ்டோர் ரூம்ல இருக்கு. ரோலருக்குப் பின்னாடி. தார்ப்பாய் போட்டு மூடியிருக்கு. நாலு பேரு தூக்கினோம். ஒரு பக்கம் நான்தான் பிடிச்சிருந்தேன்."

நான்கு வருடத்துக்கு முன்னால், சாப்பிடும்போது, அவர் ஒரே ஒரு முறை கேட்டார். கல்லு எங்கன்னு உனக்குத் தெரியுமா பாப்பா? தெரியாதுப்பா என்றாள். அவர் தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டார். அதன்பிறகு கேட்கவே இல்லை. நம்பிவிட்டதால் கேட்கவில்லையா, நம்பாததால் கேட்கவில்லையா என்று அவள் பல இரவுகள் யோசித்திருக்கிறாள்.

விரல் அசையவில்லை. கண் சன்னலிலேயே இருந்தது. வெளியே இரைச்சல் ஒரு முறை கூர்மையாக எழுந்து, 'ஓ'வென்று நீண்டு சரிந்தது. கம்பத்தில் பட்டிருக்க வேண்டும்.

போன் அடித்தபோது சுவர்க் கடிகாரத்தில் நான்கு இருபத்திரண்டு. கேட்டில் அவளுக்குப் பதிலாக நிற்கும் காவலாளி. ஆறடிக்கு மேல் வளர்ந்ததால் எல்லோருக்கும் அவன் நெட்டை.

"அக்கா, தொந்தரவு பண்றேன்னு நினைக்காதீங்க. வடக்கு கேட் சாவி எங்க வச்சீங்க?"

"ஆபீஸ் போர்டுல பாரு."

"போர்டுல இல்லக்கா. ஆணி மட்டும்தான் இருக்கு."

வடக்கு கேட் ஆட்கள் வெளியே போவதற்கு மட்டும்; உள்ளே வருவது மேற்கு வாசல் வழியாக, ஆட்டம் தொடங்கியதும் அதைப் பூட்டிவிடுவார்கள். நேற்று மாலை மேனேஜர் கூப்பிட்டு, நாளைக்கு கடைசி விசில்வரை வடக்கு கேட்டுக்குச் சங்கிலி போட்டுவிடு என்றார். யாருக்காவது அவசரம் என்றால் கிழக்கு மூலையில் இருக்கும் சின்னக் கதவு வழியாக ஒவ்வொருவராகப் போகட்டும். எழுந்து நடக்கிறவர்கள் டிவியில் தெரியக்கூடாது, அவ்வளவுதான், யாரையும் அடைத்துவைக்கச் சொல்லவில்லை. அவள்தான் சங்கிலியைக் கோர்த்துப் பூட்டினாள். ஏதாவது ஆனால் திறப்பதற்குச் சாவி ஆபீஸ் போர்டில் இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டுதான் பூட்டினாள்.

கதவுக்குப் பின்னால் ஆணியில் அவளுடைய வேலை ஜாக்கெட் தொங்கியது. வலது பையில் கைவிட்டாள். சாவி இருந்தது.

பதினோரு வருடத்தில் அந்தச் சாவி ஒரு நாள்கூட வீட்டுக்கு வந்ததில்லை.

"என்கிட்ட இருக்கு" என்றாள்.

 நெட்டை, மேனேஜரிடம் சொன்னதாகவும், சாவி இல்லையென்றால் இன்னும் நல்லது, விடு என்று அவர் சொல்லிவிட்டதாகவும் சொன்னான். சங்கிலியை வெட்டும் கட்டர் டிராக்டர் ஷெட்டில் இருக்கிறது. ஷெட் சாவியும் மேனேஜரிடம். நீ ஓடி வந்து வாங்கிக்கொண்டு போ என்றாள். அவன் நிற்பது பூட்டிய கேட்டின் உள்பக்கம். கிழக்கு மூலை சுற்றி வர இருபது நிமிடமாகும், கேட்டில் வேறு ஆளும் இல்லை.

"அக்கா, இங்க எல்லாரும் மணியைப் பார்த்துக்கிட்டே இருக்காங்க" என்றான். அவன் குரல் தணிந்திருந்தது. "இவங்களுக்கு கேட் பூட்டியிருக்கிறது தெரியாது."

அவளுக்குப் படிகள் கண்முன் வந்தன. கேலரியிலிருந்து கேட்டுக்கு இறங்கும் நாற்பத்திரண்டு படிகள், இரண்டு பக்கமும் சுவர். நான்காயிரம் பேர் எழுந்து இறங்குவார்கள். கேட்டுக்கு வந்ததும் முன்னால் இருப்பவர்கள் நிற்பார்கள். பின்னால் வருகிறவர்களுக்கு அது தெரியாது. கூப்பிட்டுச் சொல்லவும் மாட்டார்கள். சத்தம் போடக்கூடாது என்பதுதான் ஏற்பாடு.

போனை வைத்துவிட்டு நின்றாள். சாவியைக் கொடுத்தனுப்பத் தெருவில் யாராவது இருக்கிறார்களா என்று சன்னல் வழியாகப் பார்த்தாள். ஆட்ட நாளில் அந்தத் தெருவில் நாய்கூட இருக்காது. அம்மா வெந்நீர்ப் பாத்திரத்தோடு அறை வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"போயிட்டு வா" என்றாள் அம்மா.

"நர்ஸ் என்ன சொன்னாங்கன்னு தெரியும்ல."

"என்கிட்டயும்தான் சொன்னா."

"அம்மா, நான் போய் வர்றதுக்குள்ள..."

அம்மா பாத்திரத்தை மேசைமேல் வைத்தாள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அப்பாவின் கையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இந்த மனுஷன் ஒம்போது நாளா காதை மட்டும் வச்சுக்கிட்டுக் கிடக்கார். எதுக்குன்னு நினைச்ச? நான் பேசறதைக் கேக்கறதுக்கா?"

மணி நான்கு இருபத்தைந்து. மகள் ஜாக்கெட்டை எடுத்தாள். கட்டிலருகே வந்து, "அப்பா, கேட்டைத் திறந்துட்டு வந்துடறேன்" என்றாள். அம்மாவின் மடியில் இருந்த கையைப் பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டு திரும்பினாள். பார்த்தால் நின்றுவிடுவாள்.

தெருவில் அவள் செருப்புச் சத்தம் மட்டும் இரு பக்கச் சுவர்களிலும் பட்டுத் திரும்பியது. பூட்டிய கடைகள், சலூன்காரர் கடையின் இறக்கிய ஷட்டர், அதில் கையால் எழுதிய 'ஆட்டம் முடிந்ததும் திறக்கப்படும்'. தபால் பெட்டியைத் தாண்டும்போது மூச்சு இரைத்தது. அங்கே அவள் கால் தானாக நின்றது. இங்கிருந்து திரும்பினாலும் இரண்டு நிமிடத்தில் வீடு. சாவி உள்ளங்கையில் பள்ளம் பதித்துக்கொண்டிருந்தது. மறுபடி ஓடினாள்.

அப்போதுதான் அந்த இரைச்சல் வெடித்தது. தெருவிளக்குக் கம்பத்தில் கட்டியிருந்த தகரம் அதிர்ந்தது. அடியிலிருந்து கிளம்பி, அடங்காமல் மேலே மேலே போகிற சத்தம். கம்பத்தில் பட்டதும் இல்லை, வாங்கியதும் இல்லை. போட்டிருக்கிறார்கள். மேளம் சேர்ந்துகொண்டது. அப்பாவுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும்.

இனி எவன் எழுந்து வருவான் என்று நினைத்தாள். ஓடுவதை நிறுத்தவில்லை.

கேட்டின் கம்பிகளுக்குப் பின்னால் நெட்டை முகத்தைப் பதித்துக்கொண்டு நின்றிருந்தான். சங்கிலியை அவன் உள்ளிருந்து தள்ளிக்கொடுத்தான், அவள் பூட்டைப் பிடித்தாள். அவளே நேற்று அழுத்திய பூட்டு. சாவி முதல் முறை திரும்பவில்லை. வெளியே எடுத்து, ஜாக்கெட்டில் துடைத்து, மறுபடி விட்டாள். பூட்டு வாயைத் திறந்தது. இரண்டு பேருமாகச் சங்கிலியை உருவினார்கள். கேட்டின் இரண்டு கதவுகளையும் சுவரோடு சாய்த்துக் கொக்கி மாட்டினார்கள்.

வாக்கி-டாக்கியில் மேனேஜரின் குரல் கரகரத்தது. வடக்கு கேட்டைத் திறந்தது யார்?

நெட்டை அவளைப் பார்த்தான். அவள் அதை அவன் கையிலிருந்து வாங்கினாள்.

"நான்தான் சார்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள்.

படிகளின் மேலே, கேலரியின் வாய் வழியாக ஒரு துண்டு வானமும் எதிர்ப்பக்கத்து ஸ்கோர் போர்டும் தெரிந்தன. ஒன்றுக்குப் பூஜ்யம். அதற்குக் கீழே ஓடும் எண்கள். முப்பது, ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது. முப்பத்தொன்று.

மேளம் அடித்துக்கொண்டிருந்தது. பாட்டுக்கூட ஆரம்பித்திருந்தார்கள். படிகள் காலியாக இருந்தன. மேல்படியில் யாரோ போட்டிருந்த காகிதக் கோப்பை காற்றில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டது.

முப்பத்தொன்று, இருபது. முப்பது.  அவள் கையில் சங்கிலி தொங்கியது. வந்திருக்க வேண்டாம் என்ற நினைப்பு மெல்லக் கிளம்பியது. அதை அவள் முழுதாக நினைக்கவில்லை. பாதியில் பிடித்து நிறுத்திவைத்திருந்தாள்.

நாற்பது.

மேல்படியில் ஒரு ஆள் வந்து நின்றார். கையில் பெட்டி. சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை வைத்து, அதே படியில் இன்னொரு காலையும் வைத்து, குழந்தை இறங்குவதுபோல இறங்க ஆரம்பித்தார். நாற்பத்திரண்டு படி. அவர் பாதி வருவதற்குள் மேளம் நின்றுவிட்டது. பாட்டு எந்த இடத்தில் நின்றது என்று தெரியவில்லை; திடீரென்று இல்லை, அவ்வளவுதான்.

"என்ன மாமா, கோல் போட்டிருக்கோம், எழுந்து வர்றீங்க?" என்று நெட்டை கிசுகிசுத்தான்.

"முட்டி வலி" என்றார் சலூன்காரர்.

கேட்டருகே வந்ததும் அவளைப் பார்த்தார். அவள் இங்கே நிற்பதைப் பார்த்து, பிறகு அவள் கையில் இருந்த சங்கிலியைப் பார்த்தார். பெட்டியை இடது கைக்கு மாற்றினார். வலது கையை மார்புவரை கொண்டுவந்து ஒரு விரலைத் தூக்கினார்.

"கூரைக்கு அவன் தூக்கினான்ல" என்றார்.

அவருக்குப் பின்னால் படிகள் நிறைந்துவிட்டன. வெளிர்நீலச் சட்டைகள், பழைய அரக்குச் சட்டைகள், தோளில் குழந்தையோடு ஒருவர், மேளத்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, அது இடித்துச் சத்தம் வந்துவிடாமல் பக்கவாட்டில் இறங்கும் மேளக்காரர். யாரும் பேசவில்லை. யாரோ இருமலை அடக்கினார்கள். நான்காயிரம் பேரின் செருப்பும் ஷூவும் கல்லில் உரசும் சத்தம் மட்டும், பெரிய மழைக்கு முன்னால் தூரத்தில் கேட்பதுபோல வந்தது. பின்னால், பாதி காலியான மைதானத்தில், ஒலிபெருக்கி கோல் போட்டவன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தது.

அவள் அவர்களோடு நடந்தாள். ஓட வேண்டும் போலிருந்தது. கால்கள் முன்னால் இழுத்தன. ஆனால் தெரு அகலத்துக்கும் ஆட்கள். இடித்துக்கொண்டு போக வேண்டும், வழி விடுங்கள் என்று சொல்ல வேண்டும். அந்தத் தெருவில் அந்த நேரத்தில் ஒரு குரலை எழுப்ப அவளால் முடியவில்லை. வாயை இறுக்கிக்கொண்டு, முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு, எல்லோரும் நடந்த வேகத்திலேயே நடந்தாள். பக்கத்தில் சலூன்காரர் நொண்டி நொண்டி வந்தார். தபால் பெட்டி. இறக்கிய ஷட்டர். சங்கிலியை நெட்டையிடம் கொடுக்க மறந்து கையிலேயே கொண்டுவந்துவிட்டாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. வளையங்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க, முழங்கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டாள்.

திருப்பத்தில் வீடு தெரிந்தது. மாடி அறையின் சன்னல் திறந்திருந்தது.

அம்மா அதில் நின்றிருந்தாள். கீழே நிறைந்து வரும் கூட்டத்தை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை பார்த்தாள். கூட்டத்தில் யாரையும் தேடுகிற பார்வையாக அது இல்லை. வந்தவர்களை எண்ணாமல் எண்ணுகிற பார்வை. பிறகு ஒரு கையை வெளியே நீட்டி ஒரு கதவை உள்ளே இழுத்தாள். அடுத்த கதவையும் இழுத்தாள். ஊதிப்போன மரம் பாதியில் சிக்கி நின்றது.

மகள் நின்றுவிட்டாள். அப்பா சொல்கிறவரை யாரும் சாத்தக்கூடாத சன்னல் அது. பின்னால் வந்தவர்கள் அவளுக்கு இரண்டு பக்கமும் பிரிந்து, முன்னால் போய்ச் சேர்ந்துகொண்டார்கள். சலூன்காரரும் நின்றார்.

அம்மா அறையவில்லை. இரண்டு கைகளாலும் கதவின் விளிம்பைப் பிடித்து, முழு உடம்பின் எடையையும் பின்னால் சாய்த்து, மிக மெதுவாக, துளிச் சத்தம் வராமல், அதை இழுத்துக்கொண்டே இருந்தாள்.